மேக்ரோவுக்குள் தமிழை ஒட்டினால் கேள்விக்குறியாக வருகிறது. பத்திர வாசகங்களை எங்கே வைப்பது?

தபசில்தம்பி · திங்கள், காலை 10.42

வணக்கம். ஓர் ஆவண எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, பொது அதிகாரப் பத்திரம், எல்லாமே வேர்டில்தான். இதுவரை நடந்துவரும் முறை பலருக்கும் தெரிந்ததுதான்: ‘மாதிரி’ என்று ஒரு ஃபோல்டர். அதிலிருந்து பழைய பத்திரம் ஒன்றைத் திறப்பது, வேறு பெயரில் சேமிப்பது, ஆள் பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றுவது, பிரிண்ட் எடுப்பது.

போன மாதம் அதில்தான் மாட்டிக்கொண்டோம். பழைய பத்திரத்தில் விற்றவருடைய தகப்பனார் பெயர் இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. பதிவெல்லாம் முடிந்த பிறகு வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து படித்துக் கண்டுபிடித்தார். பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி, எல்லோரையும் மறுபடி அலுவலகத்துக்கு வரவழைத்து, ஒரு நாள் போயிற்று. எங்கள் எழுத்தர் ஐயா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதனால் இனிமேல் பழைய பத்திரத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். வெற்றுத் தாளில் தொடங்கி, வேண்டிய பத்தியை வேண்டிய இடத்தில் பொத்தானை அழுத்திக் கொண்டுவர வேண்டும். யூடியூப்பில் பார்த்து மேக்ரோ (வேர்டு தானாகச் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைக்கும் சிறு நிரல்) எழுதினேன். ஆங்கிலத்தில் ‘ஹலோ’ வந்தது. வில்லங்கம் பற்றிய பத்தியை நகலெடுத்து மேக்ரோ எடிட்டரில் ஒட்டினால் நான்கு வரிக்கும் கேள்விக்குறிதான் நிற்கிறது. ஃபான்ட் மாற்றிப் பார்த்தேன், லதா, நிர்மலா, எதற்கும் மசியவில்லை. என்ன செய்யலாம்?

அரைப்புள்ளி · திங்கள், காலை 11.15

ஃபான்ட் சமாசாரம் இல்லை. வேர்டு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறை) அறிந்தது, ஆனால் அதனுள் மேக்ரோ எழுதும் இடமான விபிஏ எடிட்டர் அறியாது. அது பழைய ஆன்சி குறிப்பக்கங்களை, அதாவது அந்தந்த மொழிக்கான பழைய எழுத்து அட்டவணைகளை, நம்பி இருக்கிறது. ரஷ்ய மொழிக்கோ ஜப்பானிய மொழிக்கோ விண்டோஸில் அப்படி ஒரு குறிப்பக்கம் உண்டு. கன்ட்ரோல் பேனலில் மொழியை மாற்றினால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். தமிழுக்கு அது கிடையவே கிடையாது. விண்டோஸில் தமிழ் நேராக யூனிகோடாகவே வந்து சேர்ந்த மொழி. ஆக, அவர்களைப்போல மொழியை மாற்றினாலும் உங்களுக்கு வரப்போவது கேள்விக்குறிதான்.

ஒரு சுற்றுவழி இருக்கிறது. எழுத்துக்குப் பதில் அதன் எண்ணைக் கொடுக்கும் ஒரு ஃபங்ஷன் உண்டு. ‘தமிழ்’ என்று எழுத 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஃபங்ஷன் பெயர், அடைப்பு, இணைக்கும் குறி எல்லாம் சேர்த்து 13 இடம் போகும். விபிஏயில் ஒரு வரிக்கு 1023 இடம்தான் உச்சம். கணக்குப் போட்டால் ஒரு வரியில் 78 குறிகூடத் தேறுவது கஷ்டம். உங்கள் நான்கு வரிப் பத்தியை இப்படி எழுதி, அடுத்த வருஷம் அதில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்று ஐயா சொன்னால்? எந்த எண் எந்த எழுத்து என்று தேடியே பொழுது விடிந்துவிடும்.

வாசகம் மேக்ரோவுக்குள் இருக்கவே கூடாது. டெம்ப்ளேட்டில் (புது ஆவணங்கள் பிறக்கும் அச்சுக் கோப்பில்) இருக்கட்டும். மேக்ரோவுக்கு அதன் பெயர் மட்டும் தெரிந்தால் போதும்.

மார்ஜின்_மங்கை · திங்கள், பகல் 12.30

தம்பி, மேக்ரோவை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் ஆட்டோடெக்ஸ்ட் பழகுங்கள். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபது வருஷமாகச் சான்றிதழ், சுற்றறிக்கை, நடத்தைக் குறிப்பு என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி வேலைக்கு மேக்ரோ தேவைப்பட்டதே இல்லை.

பத்தியை வேர்டிலேயே தமிழில் அழகாக அடியுங்கள். தேர்வு செய்து ஆல்ட்டும் எஃப் 3-ம் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பெட்டி வரும். பெயர் கொடுங்கள், கேலரி என்ற இடத்தில் ஆட்டோடெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். அவ்வளவுதான். பிறகு எங்கே வேண்டுமோ அங்கே அந்தப் பெயரை அடித்து எஃப் 3 அழுத்தினால் முழுப் பத்தியும் வந்து உட்காரும்.

இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள். ஒன்று, தேர்வு செய்யும்போது பத்தி முடிவில் இருக்கும் ¶ குறியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பத்தியின் உள்தள்ளலும் வரி இடைவெளியும் அந்தக் குறிக்குள்தான் குடியிருக்கின்றன. குறியை விட்டுவிட்டால் வாசகம் வரும், வடிவம் வராது. ஹோம் டேபில் அந்தக் குறியைக் காட்டும் பொத்தான் இருக்கிறது, எப்போதும் போட்டே வையுங்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரிய வம்பு. சாயங்காலம் வேர்டை மூடும்போது, ‘பில்டிங் பிளாக்குகளில் மாற்றம் செய்திருக்கிறீர்கள், சேமிக்கவா’ என்று ஒன்று கேட்கும் (ஆட்டோடெக்ஸ்டும் பில்டிங் பிளாக்கில் ஒரு வகைதான்). பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் ‘வேண்டாம்’ அழுத்திவிட்டால் அன்றைக்குச் சேர்த்ததெல்லாம் அம்போ. “நேற்று வைத்தேன், இன்று காணோம்” என்று என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த இடத்தில் விட்டவர்கள்தான்.

தபசில்தம்பி · திங்கள், மாலை 6.05

அக்கா, வேலை செய்கிறது! வில்லங்கப் பத்தி, சுவாதீனப் பத்தி, சாட்சிகள் பகுதி மூன்றையும் வைத்துவிட்டேன். ஒரே ஒரு தொந்தரவு. பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தேன். தமிழ்99-ல் அடித்துக்கொண்டே வரும்போது நடுவில் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, பெயரை அடித்து, எஃப் 3 அழுத்தி, மறுபடி தமிழுக்கு வர வேண்டியிருக்கிறது. கை தடுமாறுகிறது.

மார்ஜின்_மங்கை · திங்கள், இரவு 8.20

எண்ணைப் பெயராக வையுங்கள். 41 என்றால் வில்லங்கம், 42 என்றால் சுவாதீனம். எண்ணுக்கு விசைப்பலகை மாற்ற வேண்டாமே. எங்கள் ஆபீஸில் மானிட்டர் ஓரத்தில் எண் பட்டியல் ஒட்டியிருக்கும், ஒரு மாதத்தில் அதைப் பார்க்கிற வேலையே இருக்காது. ஹோட்டலில் டேபிள் நம்பர் சொல்வதுபோல “நாற்பத்தொன்று போடு” என்றுதான் பேசிக்கொள்வோம்.

ஆனால் இதே எண்ணை ஆட்டோகரெக்டில் போட்டுவிடாதீர்கள். ஆட்டோடெக்ஸ்ட் எஃப் 3 அழுத்தினால்தான் அசையும். ஆட்டோகரெக்ட் இடைவெளி விட்டாலே பாய்ந்துவிடும். கதவு எண் 41 என்று நீங்கள் அடிக்க, நடு வீட்டில் வில்லங்கப் பத்தி வந்து நிற்கும்.

பென்குயின்பித்தன் · திங்கள், இரவு 9.47

லிப்ரெஆபீஸ் ரைட்டரில் இதெல்லாம் இலவசமாகவே இருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கன்ட்ரோலும் எஃப் 3-ம் அழுத்தினால் ஆட்டோடெக்ஸ்ட் பெட்டி. சுருக்கப் பெயரை அடித்து எஃப் 3 என்றால் விரியும். அதோடு, அதன் பேசிக் எடிட்டரில் தமிழைத் தமிழாகவே எழுதலாம். மேக்ரோக்களை அது எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கிறது, கேள்விக்குறி என்ற பேச்சே இல்லை. ஆட்டோடெக்ஸ்ட் தொகுப்பு ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. அமைப்புகளில் பாதைகள் என்ற பகுதியில் பொது ஃபோல்டரைக் காட்டிவிட்டால் எல்லாக் கணினியும் ஒரே தொகுப்பைப் பார்க்கும்.

அரைப்புள்ளி · திங்கள், இரவு 10.02

எல்லாம் உண்மை. இருந்தாலும் எழுத முடிகிறது என்பதற்காக அங்கேயும் வாசகத்தை மேக்ரோவுக்குள் எழுதாதீர்கள். ரைட்டரிலும் ஆட்டோடெக்ஸ்ட் தொகுப்பை மேக்ரோவிலிருந்து கூப்பிட்டு, கர்சர் இருக்கும் இடத்தில் இறக்கலாம். வாசகத்தைத் திருத்தப்போவது ஐயா. அவரை எடிட்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வெள்ளைத்தாள் · செவ்வாய், காலை 6.30

நான் இந்தத் தொழிலில் முத்திரைத்தாளில் கையால் எழுதிய காலத்தில் இருந்தவன். இப்போது ஓய்வு. இழையை முதலிலிருந்து படித்தேன். பிழைக்குக் காரணம் கணினி என்று பேசுகிறீர்கள். கையால் எழுதிய நாளில் இந்தத் தகப்பனார் பெயர்ப் பிழை வந்ததே இல்லை. ஏன்? ஒவ்வொரு சொல்லும் கை வழியாகப் போயிற்று. இப்போது பத்திகள் கண் வழியாகக்கூடப் போவதில்லை. பொத்தான் வைத்தால் இன்னும் மோசமாகத்தான் போகும்.

போகட்டும், கேட்ட கேள்விக்கு உதவியாக ஒன்று சொல்கிறேன். பத்தியில் பெயர் வரும் இடத்தை என்ன செய்யப்போகிறீர்கள்? இங்கிலீஷ் பத்திரத்தில் பெயரைத் தூக்கிப் போட்டால் போதும். தமிழில் முருகன் என்றால் முருகனுக்கு, மாணிக்கம் என்றால் மாணிக்கத்துக்கு, செல்வி என்றால் செல்விக்கு, ராஜு என்றால் ராஜுவுக்கு. வெற்றிடம் விட்டு அதன் பின்னால் ‘க்கு’ என்று அச்சடித்து வைத்தால் ‘மாணிக்கம்க்கு’ என்று வரும். படிக்கிறவன் சிரிப்பான்.

பழைய எழுத்தர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ‘மாணிக்கம் என்பவருக்கு’, ‘மாணிக்கம் அவர்களுக்கு’ என்று எழுதினால் பெயர் அசையாது, உருபு ‘என்பவர்’ மீது ஏறிக்கொள்ளும். அதைவிடச் சிறந்தது, பெயரை முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, ‘இதில் இனி எழுதிக் கொடுப்பவர் என்று குறிப்பிடப்படுபவர்’ என்று முடிச்சுப் போட்டுவிடுவது. பிறகு கடைசிவரை எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர்தான். பெயர் பத்திக்குள் வரவே வராது. வராத பெயரில் பிழை எப்படி வரும்?

தபசில்தம்பி · செவ்வாய், காலை 9.10

ஐயா, இதைப் படித்ததும் எங்கள் மாதிரிகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர் பெயர் பதினோரு இடத்தில் இருக்கிறது. அதில் முதல் பக்கமும் கையெழுத்து இடமும் தவிர மற்ற ஒன்பதுமே தேவையில்லாதவை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ‘எழுதிக் கொடுப்பவர்’ ஆக்கினேன்.

ஆனால் அதில் வேறொரு சிக்கல் முளைத்துவிட்டது. விற்பவர் ஒருவராக இருந்தால் ‘எனக்குப் பாத்தியப்பட்ட’, ‘நான் பொறுப்பாவேன்’. அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து விற்றால் ‘எங்களுக்கு’, ‘நாங்கள் பொறுப்பாவோம்’. பத்திக்குப் பத்தி, வினைமுற்றுக்கு வினைமுற்று மாறுகிறது. தேடி மாற்றும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ ஆக்கச் சொன்னேன். நான்கெல்லை ‘நாங்கள்கெல்லை’ ஆகிவிட்டது.

மார்ஜின்_மங்கை · செவ்வாய், காலை 9.31

‘நாங்கள்கெல்லை’! காலை காபி கீபோர்டில்.

அரைப்புள்ளி · செவ்வாய், காலை 10.00

இந்த இடத்தில்தான் மேக்ரோவுக்கு நியாயமான வேலை வருகிறது.

ஒவ்வொரு பத்தியையும் ஒருமையில் ஒன்று, பன்மையில் ஒன்று என்று தனித்தனியாக அடித்து வையுங்கள். அக்கா சொன்ன எண்முறைக்குக் கடைசியில் ஓர் இலக்கம் கூட்டுங்கள். 411 என்றால் வில்லங்கம் ஒருமை, 412 என்றால் வில்லங்கம் பன்மை. மேக்ரோ இல்லாத கணினியிலும் 412 எஃப் 3 என்று கையால் கொண்டுவரலாம்.

இனி மேக்ரோ. மேக்ரோ வரிகளை எடிட்டரில் ஆங்கிலத்தில்தான் அடிக்கப்போகிறீர்கள், இங்கே அதன் போக்கை மட்டும் சொல்கிறேன். டெம்ப்ளேட்டில் ஆட்டோநியூ என்ற பெயரில் ஒரு மேக்ரோ எழுதினால், அந்த டெம்ப்ளேட்டிலிருந்து புது ஆவணம் பிறக்கும்போதெல்லாம் அது தானாக ஓடும். அதில் ‘ஒருவரா, பலரா’ என்று கேட்டு 1 அல்லது 2 வாங்கி, ஆவண மாறி (டாக்குமென்ட் வேரியபிள்) ஒன்றில் போட்டுவிடுங்கள். அது ஆவணத்தோடு சேமிக்கப்படும், நாளைக்குத் திறந்தாலும் இருக்கும். பிறகு வில்லங்கப் பொத்தான் செய்ய வேண்டியது: 41 என்பதோடு அந்த இலக்கத்தை ஒட்டுவது, ஆவணத்தோடு இணைந்த டெம்ப்ளேட்டின் பில்டிங் பிளாக் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுவது, கர்சர் இருக்கும் இடத்தில் வடிவத்தோடு செருகுவது. மூன்று வரி வேலை.

எண்ணைப் பெயராக வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 411 என்பதை எழுத்துச் சரமாக, மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். வெறும் எண்ணாகக் கொடுத்தால் வேர்டு அதை ‘பட்டியலில் 411-ஆவது’ என்று எடுத்துக்கொள்ளும். உங்களிடம் அத்தனை இருக்காது, பிழை காட்டி நிற்கும்.

கேள்வி கேட்கும் பெட்டியில் தமிழ் எதிர்பார்க்காதீர்கள். விபிஏயின் மெசேஜ் பாக்ஸ், இன்புட் பாக்ஸ் இரண்டும் எடிட்டர் போலத்தான், தமிழுக்குக் கேள்விக்குறியே பதில். 1, 2 கேட்பதற்கு அது போதும். தமிழ்ப் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும் என்றால் யூசர்ஃபார்ம் (நாமே வரையும் படிவம்) வரையுங்கள், அதன் டெக்ஸ்ட் பாக்ஸ் யூனிகோடைத் தாங்கும்.

தபசில்தம்பி · செவ்வாய், மாலை 5.40

அரைப்புள்ளி அண்ணா, என் கணினியில் ஓடுகிறது. ஆனால் நான் அவசரப்பட்டு, நீங்கள் சொன்னதை எழுதாமல் மேக்ரோ ரெக்கார்டரைப் போட்டுப் பதிவு செய்தேன். அதே கோப்பைப் பக்கத்து மேசைக் கணினிக்குக் கொண்டுபோனால் 5941 என்று ஒரு பிழை. கேட்ட உறுப்பு தொகுப்பில் இல்லையாம்.

அரைப்புள்ளி · செவ்வாய், மாலை 6.15

ரெக்கார்டர் எழுதிய வரியைத் திறந்து பாருங்கள். அதில் சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர் என்று முழுப் பாதையும் இருக்கும். பக்கத்து மேசைக் கணினியில் உங்கள் பெயரில் யார் இருக்கிறார்கள்? அந்தப் பாதையை அழித்து ‘இந்த ஆவணத்தோடு இணைந்த டெம்ப்ளேட்’ என்று மாற்றுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். பத்திகளைச் சேமித்தபோது ‘எங்கே சேமிப்பது’ என்ற இடத்தில் என்ன இருந்தது? பார்க்காமல் விட்டிருந்தால் பத்திகள் உங்கள் கணினியின் நார்மல் டெம்ப்ளேட்டிலோ பில்டிங் பிளாக்ஸ் கோப்பிலோ கிடக்கும். மேக்ரோ மட்டும் பெட்டி படுக்கையோடு கிளம்பி வந்திருக்கிறது, வாசகம் உங்கள் கணினியிலேயே தங்கிவிட்டது.

மார்ஜின்_மங்கை · செவ்வாய், இரவு 7.50

அதற்கு நான் செய்வது: டெம்ப்ளேட் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்யாமல், வலது சொடுக்கில் ‘திற’ கொடுத்து அதையே திறப்பேன். இரட்டைச் சொடுக்கு செய்தால் அதிலிருந்து புது ஆவணம்தான் பிறக்கும். கோப்பையே திறந்து வைத்துக்கொண்டு ஆல்ட், எஃப் 3 அழுத்தினால், ‘எங்கே சேமிப்பது’ பட்டியலில் அந்த டெம்ப்ளேட்டின் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பத்தி அதற்குள்ளேயே போய்விடும்.

ஸ்டைல் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திக்கு ‘பத்திர உடல்’ என்று ஒரு ஸ்டைல் செய்து அதைக் கொடுத்து வையுங்கள். செருகும் ஆவணத்தில் அதே பெயரில் ஸ்டைல் இருந்தால் ஆவணத்தில் உள்ள அமைப்புதான் ஜெயிக்கும். ஐயா 13 புள்ளி போதாது, 14 வேண்டும் என்றால் ஸ்டைலை ஒரே இடத்தில் மாற்றலாம். கையால் எழுத்தளவு கொடுத்த பத்திகள் இருந்தால் ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டும்.

கச்சேரிப்பொடியன் · புதன், காலை 8.25

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இந்த வேலையை நொத்தாரிசு கந்தோரில் (நோட்டரி அலுவலகத்தில்) செய்கிறோம், பத்திரத்தை உறுதி என்போம். உங்களுக்குக் கேள்விக்குறி வருவதாவது கண்ணுக்குத் தெரிகிற பிழை. எங்களுக்குப் பாமினி என்ற பழைய ஃபொண்டால் வருவது தெரியாமலே போகும்.

எங்கள் கந்தோரின் பழைய மாதிரிகள் எல்லாம் பாமினியில் உள்ளவை. அதில் தமிழ் எழுத்துப்போலத் தெரிவது உண்மையில் ஆங்கில எழுத்துத்தான், ஃபொண்ட் முகமூடி போட்டிருக்கிறது. ஓட்டோடெக்ஸ்ட் ஆக வைத்து எஃப் 3 அமத்தினால் ஃபொண்டோடு சரியாக வருகிறது. ஆனால் வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி வேர்டில் இருக்கிறதே, அது பாமினியில் ‘அ’வில் தொடங்கும் வசனத்தை ‘ஆ’ ஆக்கிவிடும். அந்த இரண்டும் ஒரே விசைதான், ஷிஃப்ட் அமத்தினால் ‘ஆ’. ‘அன்னாரின் காணி’ என்று அடித்தால் ‘ஆன்னாரின் காணி’. முதல் வேலையாக அந்த வசதியை நிற்பாட்டுங்கோ, அல்லது யூனிகோடுக்கு மாறுங்கோ. நாங்கள் இப்போதுதான் ஒவ்வொரு மாதிரியாக மாற்றிக்கொண்டு வாறோம்.

வெள்ளைத்தாள் · புதன், காலை 9.05

இங்கும் அதே கதைதான் தம்பி. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அறிவித்து என்ன, என்னுடைய சீடர் ஒருவர் போன வருஷம்வரை பழைய ஃபான்ட்டில் அடித்துக்கொண்டிருந்தார். யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றும் மென்பொருள் கொடுத்ததை நம்பாமல் பழைய பிரிண்டை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் திரையில் பார்க்க வேண்டும். எங்கள் காலத்தில் ஒப்பு நோக்குதல் என்று அதற்குப் பெயர். இருவர் செய்வார்கள்.

பென்குயின்பித்தன் · புதன், காலை 11.20

ஒரு சந்தேகம். வேர்டில் ஆட்டோடெக்ஸ்ட் ஃபீல்டு என்று ஒன்று இருக்கிறதே? பத்தியை நேராகச் செருகாமல் ஃபீல்டாக வைத்தால், டெம்ப்ளேட்டில் வாசகத்தைத் திருத்தியதும் ஆவணத்தில் எஃப் 9 அழுத்தினால் புது வாசகம் வந்துவிடும். அது இன்னும் வசதி இல்லையா?

மார்ஜின்_மங்கை · புதன், பகல் 1.10

கல்லூரிச் சுற்றறிக்கைக்கு வசதி. பத்திரத்துக்கு வேண்டவே வேண்டாம். போன வருஷம் கையெழுத்தான பத்திரத்தின் கோப்பை யாரோ திறந்து எஃப் 9 அழுத்தினால் இந்த வருஷ வாசகம் வந்து உட்கார்ந்துவிடும். பதிவான தாளில் ஒன்று, கணினியில் ஒன்று. செருகியதும் வாசகம் ஆவணத்தோடு தங்கிவிட வேண்டும், டெம்ப்ளேட்டோடு அதற்கு மேல் உறவு இருக்கக் கூடாது.

பென்குயின்பித்தன் · புதன், பகல் 1.14

ஒப்புக்கொள்கிறேன். வாபஸ்.

தபசில்தம்பி · புதன், இரவு 9.30

மூன்று கணினிக்கும் ஒரே டெம்ப்ளேட் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, மற்ற இரண்டிலும் இறக்கினேன். மேலே சிவப்புப் பட்டை வந்து மேக்ரோ தடுக்கப்பட்டது என்கிறது.

அரைப்புள்ளி · புதன், இரவு 10.10

தடுத்தது சரிதான். 1995-இல் கான்செப்ட், 1999-இல் மெலிஸா என்று வேர்டு மேக்ரோ வழியாகப் பரவிய வைரஸ்களின் வரலாறு நீளம். மெலிஸா அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தானே மெயில் அனுப்பியது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பில் விண்டோஸ் ஓர் அடையாளம் குத்தும். அந்த அடையாளம் உள்ள கோப்பின் மேக்ரோவை 2022 முதல் ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. உங்கள் கோப்புதான் என்று உறுதியாகத் தெரிந்தால் அதன் பிராப்பர்டீஸில் ‘அன்பிளாக்’ என்ற கட்டத்தில் டிக் போடலாம். எல்லா மேக்ரோவையும் அனுமதி என்ற அமைப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

மூன்று கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் கோப்பை மூன்றாகப் பெருக்கவே வேண்டாம். பொது ஃபோல்டரில் ஒன்று வையுங்கள். வேர்டு ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, கடைசியில் ஃபைல் லொகேஷன்ஸ், அதில் ‘ஒர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ்’ என்ற வரியில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். டிரஸ்ட் சென்டரில் அந்த ஒரே ஃபோல்டரை மட்டும் நம்பகமான இடமாகச் சேர்க்க வேண்டியிருக்கும். நெட்வொர்க் ஃபோல்டர் என்பதால் அங்கே தனியாக ஓர் அனுமதியும் கேட்கும். வேர்டு அதைப் பரிந்துரைக்காது என்றே எழுதியிருக்கும். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை உங்கள் ஒருவருக்கு மட்டும் என்று வைத்துவிட்டு அனுமதி கொடுங்கள்.

மறந்துவிட்டேன். பில்டிங் பிளாக்கில் யாருடைய ஆதார் எண்ணும் பான் எண்ணும் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. பழைய பத்திரத்திலிருந்து பத்தி எடுக்கும்போது இது நடக்கும். டெம்ப்ளேட் ஊர் சுற்றும், அந்த எண்ணும் கூடவே சுற்றும்.

தபசில்தம்பி · அடுத்த புதன், மாலை 6.50

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இப்போது 26 பத்திகள், ஒருமை பன்மை சேர்த்து 52. பொத்தான் ஏழுக்குத்தான் வைத்திருக்கிறேன். மற்றவை எண் அடித்து எஃப் 3. உண்மையைச் சொன்னால் பொத்தானைவிட எண்தான் வேகம். ஐயா பொத்தான் பக்கமே போவதில்லை, அவருக்கு நான்கு எண் மனப்பாடம்.

வெள்ளைத்தாள் ஐயா சொன்ன ஒப்பு நோக்குதலை ஆரம்பித்தோம். நான் சத்தமாகப் படிக்க, ஐயா தாளைப் பார்க்கிறார். நேற்று அதில் ஒன்று மாட்டியது. நான் புது ஆவணம் திறந்தபோது பழக்க தோஷத்தில் 1 என்று பதில் கொடுத்துவிட்டேன். விற்பவர்கள் அக்கா தங்கை இருவர். பத்திரம் முழுக்க ‘நான்’, ‘எனது’. ஏழு பத்தியும் ஒரே மாதிரி, ஒன்றுக்கொன்று முரண்பாடே இல்லாமல், அச்சுப் பிசகாமல் தப்பாக இருந்தது. படிக்காமல் விட்டிருந்தால் மறுபடி பிழைத்திருத்தல்தான்.

வெள்ளைத்தாள் · அடுத்த புதன், இரவு 7.30

முன்னெல்லாம் ஒரு பத்திரத்தில் ஓரிடத்தில் தப்பு வரும். இனி ஏழு இடத்தில் ஒன்றுபோல வரும். அதைத்தான் முதல் நாளே சொன்னேன். ஆனாலும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள், அது போதும் எனக்கு.

அரைப்புள்ளி · அடுத்த புதன், இரவு 8.05

1, 2 கேட்பதை விட்டுவிடுங்கள். விற்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 2 என்றால் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எழுத இரண்டு வரிசை முதல் பக்கத்தில் தானாக வரட்டும். பலர் இருக்கும்போது 1 என்று அடித்துவிட்டால் இரண்டாவது ஆளுக்கு வரிசை இருக்காது, முதல் பக்கத்திலேயே உறைக்கும்.

தபசில்தம்பி · அடுத்த புதன், இரவு 8.20

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. நாளைக்கே மாற்றிவிடுகிறேன். நான்கெல்லைக்கு என்ன செய்வது? வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் வேறு. அதற்கும் ஒரு எண் வைக்கலாமா?

வெள்ளைத்தாள் · அடுத்த புதன், இரவு 8.41

வேண்டாம். அதை மட்டும் கையால் அடியுங்கள். மூலப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.